நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தின் ஓரம்

அன்புள்ள வின்சென்ட்,

இந்தக் கடிதத்தை ஐந்தாவது முறையாகத் தொடங்குகிறேன். முதல் நான்கும் நேரான வரிகளில், அடித்தல் திருத்தல் இல்லாமல் அமைந்தன. ஆனால் நான்கிலும் ஒரே இடத்தில் ஒரே பொய்யை எழுதியிருந்தேன். கிழித்துப் போட்டுவிட்டேன். இந்த முறை அந்த இடம் வரும்போது என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை. அடித்தல் இருந்தால் பொறுத்துக்கொள்.

இதன் நகல் ஒன்றை நம் பங்குக் கோயிலின் இதழுக்கும் கொடுக்கப்போகிறேன். உனக்கு இது பிடிக்காது. ஐந்து வருடங்களுக்கு முன் உன் அப்பாவின் முப்பதாம் நாள் பூசை முடிந்து, பங்கு மண்டபத்தில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, உன் பெரியம்மா ஏதோ ஆறுதல் சொல்ல வந்தாள். "இவன் அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லாம கறுப்பு வக்கீல் கோட்டைக் கழட்டிப் போட்டுட்டுப் போனானே, அன்னைக்கே அவர் பாதி போயிட்டார்" என்று நான் அவளிடம் சொன்னேன். அவளிடம் மட்டும் சொன்னதாகத்தான் எனக்கு நினைப்பு. முப்பது வருடம் கடைசி பெஞ்சு வரை கேட்கும்படி பாடம் நடத்திய குரல் இது. மண்டபமே கேட்டது. நீ பந்தியில் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாய். கையிலிருந்த குவளைகளை வரிசை முடியும்வரை வைத்துவிட்டு வெளியே போனாய். அப்படிப் போனதால் குற்றத்தை ஒப்புக்கொண்டாய் என்று நான் எடுத்துக்கொண்டேன். எல்லோர் காதிலும் விழச் சொன்னதை உன் காதில் மட்டும் விழும்படி திரும்பப் பெற்றால் அது நியாயமில்லை. அதனால்தான் பங்கு இதழ்.

சாம்பல் புதனுக்கு முந்தின வாரம் நீ போன் செய்தாய். மந்தைவெளியில் நம் குடியிருப்பை இடித்துக் கட்டப்போகிறார்கள், மே மாதக் கடைசிக்குள் எல்லோரும் காலி செய்ய வேண்டும் என்ற நோட்டீஸ் வந்திருந்த சமயம். "அம்மா, அடையாறுக்கு வந்துடுங்க. கீழ் ரூமை உங்களுக்குன்னே ஒழிச்சு வெச்சிருக்கோம்" என்றாய். யோசிக்கிறேன் என்றேன். "யோசிங்க. சாமான்ல எனக்கு ஒண்ணும் வேணாம். அப்பாவோட எவிடென்ஸ் புக்கை மட்டும் எடுத்து வைங்க." "பேக்கரிக்காரனுக்கு அது எதுக்கு?" என்று கேட்டேன். "மாவு மேல வெயிட் வைக்க ஆகும்மா" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு, நாம் இருவரும் ஒரே நேரத்தில் சிரித்துப் பல வருடங்கள் ஆகிவிட்டன என்று தோன்றியது. அந்தப் புத்தகத்தை உனக்குப் புதிது போல ஆக்கிக் கொடுக்க வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தேன். எனக்கு அரைகுறையாக எதையும் கொடுத்துப் பழக்கமில்லை.

உனக்குத் தெரிந்த புத்தகம்தான். பங்கு இதழில் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். சாட்சியச் சட்டத்துக்கு விளக்கம் சொல்லும் தடித்த நூல். தோல் அட்டை, முதுகில் பொன்னெழுத்து, எண்ணூற்றுச் சொச்சம் பக்கம். உன் அப்பாவுக்கு அவருடைய சீனியர் கொடுத்தது. நீ சட்டம் படித்து முடித்து அப்பாவிடமே ஜூனியராக இருந்த மூன்று வருடமும் அது ஹாலில் மாதா சுரூபத்துக்குப் பக்கத்து அலமாரியில் இருந்தது. காரணம் நான் போட்ட சட்டம். சாப்பாட்டு மேசையில் கேஸ் பேச்சு கூடாது. கொலையும் பாகப்பிரிவினையும் என் மீன் குழம்புக்கு மேல் பறக்கக் கூடாது. உன் அப்பா உயர் நீதிமன்றத்தில் எப்படிப்பட்டவரோ, என் மேசையில் வாயைத் திறக்கமாட்டார். ஆகவே நீங்கள் இருவரும் வேறு வழி கண்டுபிடித்தீர்கள். காலையில் அவர் புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்வி எழுதிவிட்டுப் போவார். மாலையில் நீ அதன் கீழே பதில் எழுதுவாய். மறுநாள் அவர் அதை வெட்டி எழுதுவார். எட்டடி தூரத்தில் படுத்துத் தூங்குகிற இரண்டு பேருக்குத் தனியாக ஒரு தபால் ஆபீஸ். பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். புத்தகத்தில் எழுதுகிறார்களே என்ற எரிச்சல் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

அந்த எரிச்சலுக்கு ஒரு பூர்வீகம் உண்டு. கான்வென்டில் எட்டாம் வகுப்பில் பூகோளப் புத்தகத்தின் ஓரத்தில் ஒரு படகு வரைந்தேன். மதர் சுப்பீரியர் பார்த்துவிட்டார். அந்த வகுப்பில் இருந்த அத்தனை பேருடைய பூகோளப் புத்தகத்தையும் நான் சுத்தம் செய்ய வேண்டும் என்று தண்டனை. முதலில் ரப்பர். பிறகு ரொட்டியின் மெத்தென்ற உள்பகுதியை உருட்டி, பக்கத்தின் மேல் மெதுவாக ஓட்டினால் ரப்பர் விட்ட கறுப்பையும் எடுத்துவிடும். நாற்பது புத்தகம் முடித்தேன். கடைசியில் மதர் தலையைத் தடவிக் கொடுத்தார். அந்தத் தடவலுக்காகவே அதற்குப் பிறகு நான் ஒரு புத்தகத்திலும் என் பெயரைக்கூட எழுதியதில்லை.

சாம்பல் புதனன்று தொடங்கினேன். தவக்காலம் முழுவதும், தினமும் காலைப் பூசை முடிந்து வந்ததும் இருபது பக்கம். சனிக்கிழமைகளில் நீ காலை ஏழு மணிக்கு வந்து, மணியடிக்காமல், கதவுக் கம்பியில் பையை மாட்டிவிட்டுப் போகிறாயே, அந்த ரொட்டிதான். உன் ரொட்டியால் உன் எழுத்தைத் துடைத்தேன். ஈஸ்டருக்கு முந்தின பெரிய சனிக்கிழமை கடைசிப் பக்கம் முடிந்தது. முந்தைய நான்கு கடிதங்களிலும் இந்த இடத்தில்தான், "பிறர் கடிதத்தைப் படிக்கும் வழக்கம் எனக்கில்லை, ஆகவே ஒரு வரியும் படிக்கவில்லை" என்று எழுதினேன். இப்போதைக்கு இந்த இடத்தை விட்டுவிட்டு மேலே போகிறேன். எழுந்துபோய் அடுப்பு கேஸை மூடியிருக்கிறேனா என்று பார்த்துவிட்டு வருகிறேன்.

மூடித்தான் இருக்கிறது. இன்று இது நான்காவது தடவை.

சுத்தம் செய்தது போதாது, அதன் மதிப்பை எழுதிய சீட்டு ஒன்றும் உள்ளே இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். வக்கீல்கள் இறந்தால் அவர்கள் வீட்டார் புத்தகங்களைக் கொண்டுபோகும் கடை ஒன்று தி. நகரில், பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு மாடிப்படியின் அடியில் இருக்கிறது. ரஹீம் பாய் என்று ஒருவர். என் வயது இருக்கும். புத்தகத்தை வெள்ளைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு ஆட்டோவில் போனேன்.

"ஒக்காருமா. இன்னா கொண்டாந்தீங்க?"

"சாட்சியச் சட்டம். ஒரு வக்கீலோடது. மதிப்பு தெரியணும்."

"வக்கீல் கீறாரா?"

"இல்லை."

"அதான பாத்தேன். அவுங்க இருக்கசொல்ல யாரும் கொண்டாற மாட்டாங்க."

துண்டைப் பிரித்தார். உடனே திறக்கவில்லை. முகர்ந்தார். விரல் நுனியால் அட்டை மடியும் இடத்தை நீவிப் பார்த்தார். "தோலுக்கு எண்ணெய் வெச்சீங்களா?" என்றார். தேங்காயெண்ணெய், ஒரே ஒரு துளி என்றேன். "வெச்சிருக்கக் கூடாது. சரி, உடுங்க." இப்படி என்னிடம் யாரும் பேசி நாளாயிற்று. பிறகு முதல் தாளையும் கடைசித் தாளையும் பார்த்தார், பூச்சி அரித்த இரண்டு துளைகளை எந்தப் பக்கம் வரை போகிறது என்று எண்ணினார், பழுப்புப் புள்ளிகளை வெளிச்சத்தில் பிடித்தார். "முழுசாகீது. தாளு ஒண்ணும் போவல. ஆனா சட்டமே புதுசு வந்துட்ச்சேம்மா. பழசைப் படிக்க யாரு வருவா? இந்த மாதிரி தோலு அட்டைய சினிமாக்காருதான் கேப்பாங்க, ஜட்ஜ் வூடு செட்டுல அடுக்கறதுக்கு. அவுங்களுக்கு உள்ள இன்னா கீதுன்னு வாணாம். அடிக்கணக்குலதான் வாங்குவாங்க."

உன் அப்பாவின் புத்தகம் அடிக்கணக்கில். எடுத்துக்கொண்டு எழுந்துவிடலாம் என்று நினைத்தேன். அதற்குள் அவர் ஒரு காரியம் செய்தார். புத்தகத்தின் முதுகை மேசைமேல் நிறுத்தி, இரண்டு கையாலும் பிடித்திருந்து, சட்டென்று விட்டார். அது தானாக விரிந்து விழுந்தது. "எந்த எடத்துல வுழுதோ அதான் அதிகமா தொறந்த எடம். மனுஷன் மறைச்சாலும் முதுகு மறைக்காது" என்றார். விழுந்தது நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். பாய் அந்த இடத்தில் தையலைக் காட்டினார். நூல் தளர்ந்து வெள்ளையாகத் தெரிந்தது. "இது ஒரு நாள் ரெண்டு நாள் வேலை இல்லமா. வருஷக்கணக்கா இதே எடத்தைத் தொறந்து பாத்துக்கினு இருந்திருக்காரு."

பிறகு கைபேசி விளக்கைப் பக்கத்தோடு பக்கமாகச் சாய்த்துப் பிடித்து ஓரத்தைப் பார்த்தார். "இங்க எழுதி இருந்துச்சா?"

"எல்லாப் பக்கத்துலயும் இருந்தது. அப்பாவும் பிள்ளையும், ரெண்டு பேருமே வக்கீல், மாத்தி மாத்தி எழுதினது. நான் சுத்தம் பண்ணிட்டேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அதான்மா சரக்கே" என்றார். "ரெண்டு வக்கீலு ஒரே ஓரத்துல சண்டை போட்ட புக்கை நான் இந்தக் கடையில பார்த்ததே இல்லை. இருந்திருந்தா, விலை போடாதீங்க, வூட்லயே வெச்சிக்கோங்கன்னு சொல்லி அனுப்பியிருப்பேன்." மற்ற பக்கங்களை நாலைந்து இடத்தில் புரட்டினார். திரும்ப நானூற்றுப் பன்னிரண்டுக்கே வந்தார். தாளின் அடியில் விரலை வைத்தார். விரலின் நிழல் மேலே தெரிந்தது. "மத்த பக்கமெல்லாம் பூ மாதிரி தொடைச்சிருக்கீங்க. இங்க மட்டும் தாளு உரிஞ்சுகீது. இந்தப் பக்கத்தோட உங்களுக்கு இன்னாமா சண்டை?"

"ரப்பர் பழசு" என்றேன்.

"எல்லாப் பக்கத்துக்கும் ஒரே ரப்பர்தானே?" என்றார், மெதுவாக. பிள்ளைகளை வகுப்பில் நான் பிடிப்பதும் இப்படித்தான். காசு வாங்கவில்லை. சீட்டும் எழுதித் தரவில்லை. துண்டில் அவரே சுற்றிக் கொடுத்து, "காலைல வெயில் சாஞ்சு வரசொல்ல புடிச்சுப் பாருங்க. பென்சில் அழுத்தின தடம் போயிருக்காது. பாதியாவது கெடைக்கும்" என்றார்.

திரும்பி வரும் வழியில் ஆட்டோக்காரர் மந்தைவெளியில் எந்தத் தெரு என்று இரண்டு தடவை கேட்டார். நாற்பத்தோரு வருடம் குடியிருந்த தெருவின் பெயர் எனக்கு வரவில்லை.

இப்போது, விட்டுவிட்டு வந்த இடம். வின்சென்ட், நான் படித்தேன். எல்லாப் பக்கத்தையும் அல்ல. மற்றவை எல்லாம் பாதி இங்கிலீஷும் வழக்கு எண்களுமாக இருந்தன, கண் தானாகத் தாண்டிப் போனது. நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் முழுக்கத் தமிழில் இருந்தது. அதனால் நின்றேன். உன் கையெழுத்து: "அப்பா, இந்தப் பிரிவைப் பற்றி எனக்குக் கருத்து இல்லை. எந்தப் பிரிவைப் பற்றியும் இல்லை. எனக்கு இந்தத் தொழில் வேண்டாம். உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வரவில்லை." கீழே அவர்: "மூன்று மாதமாகத் தெரியும். போய் வா. அம்மாவிடம் நான் சொல்கிறேன், நீ சொல்லாதே." அதற்குக் கீழே நீ: "சொல்லிவிட்டீர்களா?" அவர்: "அடுத்த வாரம்."

அதற்குப் பிறகு அந்த ஓரத்தில் ஒன்றுமில்லை. அந்த அடுத்த வாரம் வரவே இல்லை என்பது உனக்கும் எனக்கும் தெரியும். நீ காத்திருந்து பார்த்துவிட்டு, ஒரு திங்கட்கிழமை கோட்டை நாற்காலியில் மாட்டிவிட்டுப் போனாய். நான் கத்தினேன். உன் அப்பா நாற்காலியில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். மகன் ஏமாற்றிவிட்ட துக்கம் என்று நான் நினைத்தேன். என்னிடம் சொல்லப் பயந்துவிட்ட வெட்கம் அது. எட்டு வருடம் உயிரோடிருந்தார், சொல்லவில்லை. அந்தப் பக்கத்தை மட்டும் எடுத்து எடுத்துப் பார்த்திருக்கிறார். நீ முப்பதாம் நாள் மண்டபத்தில் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உன் பழி தீர்ந்திருக்கும், செத்துப்போன மனிதர்மேல் அது போயிருக்கும். நீ தண்ணீர்க் குவளைகளை வைத்து முடித்தாய்.

இதைப் படித்ததும் நான் உனக்குப் போன் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. எனக்கு வந்தது கோபம். என் வீட்டில், என் மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில், என்னிடம் மறைப்பதற்கென்றே நீங்கள் ஒரு இடம் வைத்திருந்தீர்கள் என்ற கோபம். ரப்பரை எடுத்தேன். தாள் உரியும்வரை தேய்த்தேன். நீ குற்றமற்றவன் என்று சொல்ல உலகத்தில் இருந்த ஒரே சாட்சி அந்த நான்கு வரிகள்தான் என்று தெரிந்தே தேய்த்தேன். பெரிய வெள்ளிக்கு மூன்று வாரம் இருந்தது. இந்த ஆண்டு சாமியார் முன் செய்த பாவசங்கீர்த்தனத்தில் இதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொன்னேன்.

உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இப்போது எவ்வளவு இருக்கிறது என்று தெரியவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். உன் வீட்டு மேசையில் எந்தப் பேச்சையும் தடுக்காதே. மாவு, கடன், பக்கத்து வீட்டுச் சண்டை, எதுவானாலும் சாப்பாட்டோடு சேர்ந்து வரட்டும். உன் அப்பா கோழை என்று இரண்டு நாள் திட்டிக்கொண்டிருந்தேன். நீதிபதியின் முன் குரல் நடுங்காதவர் ஏன் எனக்கு முன் நடுங்கினார் என்று மூன்றாம் நாள்தான் கேட்டுக்கொண்டேன். அவர் பயந்ததில் என் பங்கு எவ்வளவு என்பதை நீ என்னைவிடச் சரியாகச் சொல்வாய்.

பாய் சொன்னபடி காலை வெயிலில் பிடித்துப் பார்த்து வருகிறேன். பால்கனியில் ஆறே முக்கால் முதல் ஏழரை வரைதான் வெயில் சாய்ந்து வருகிறது, அதற்குமேல் எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி மறைத்துவிடும். மற்றப் பக்கங்களில் நிறையவே கிடைக்கிறது. அவர் பென்சிலை அழுத்தி எழுதுகிறவர். நீ மேலாக எழுதுகிறவன், உன்னுடையது குறைவு. ஓரிடத்தில் அவர் உன்னை "மடையா" என்று எழுதியிருக்கிறார், நீ "நன்றி" என்று பதில் எழுதியிருக்கிறாய். அதைப் பார்த்துத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். நானூற்றுப் பன்னிரண்டில் மட்டும் ஒன்றும் தெரியவில்லை. ஆறு நாள் காலையில் பார்த்துவிட்டேன். "வாரம்" என்பதில் ஒரு துணைக்கால் தெரிகிற மாதிரி இருக்கிறது. அதுவும் என் கண்ணின் ஆசையாக இருக்கலாம். தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லமாட்டேன்.

ஆகவே இன்று காலை உன் அப்பாவின் பென்சிலைச் சீவினேன். உரிந்த இடத்தில் எழுதினால் தாள் கிழியும். எதிர்ப்பக்கம், நானூற்றுப் பதின்மூன்றின் ஓரத்தில் எழுதினேன். என் வாழ்க்கையில் ஒரு புத்தகத்தில் நான் எழுதிய முதல் வரிகள். எழுத்து கோணலாக இருக்கிறது, அதை அழிக்கவில்லை. "எதிரில் இருந்ததை நான் படித்தேன். வின்சென்ட் தன் அப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் போனான். அவர் சம்மதம் கொடுத்தார். மண்டபத்தில் நான் சொன்னது பொய். இந்த எழுத்தை அழித்தது நான், வேறு யாருமில்லை." கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நன்றாக அழுத்தியே எழுதியிருக்கிறேன். யார் அழித்தாலும் தடம் இருக்கும்.

மூட்டைகள் பாதி கட்டியாகிவிட்டன. கீழ் ரூமைப் பற்றி நான் இன்னும் பதில் சொல்லவில்லை. இதை உன்னிடம் சொல்லாமல் அந்த அறைக்குள் கால் வைக்க எனக்கு மனம் வரவில்லை. சொன்ன பிறகு அந்த அறை எனக்கு உண்டா இல்லையா என்று தீர்மானிக்க வேண்டியவன் நீ. என் வரிகளுக்குக் கீழே இடம் விட்டிருக்கிறேன். பென்சில் உள்ளேயே இருக்கிறது.

நாளை சனிக்கிழமை. இந்தக் கடிதத்தை நீ பையை மாட்டும் கதவுக் கம்பியில் மாட்டி வைக்கிறேன். படித்துவிட்டு, அப்படியே படி இறங்கிப் போய்விடாதே. மணியை அடி. புத்தகத்தைப் பால்கனி மேசையில் விரித்து வைத்திருக்கிறேன். என் கண்ணுக்குத் தெரியாதது உன் கண்ணுக்குத் தெரியலாம். ஏழரை வரை வெயில் இருக்கும்.

உன் அம்மா